கேட்கக் கூடாத பாட்டு

போன மாசியில் ஒருநாள் சாயங்காலம் என் தம்பி மகன் வந்து, "பெரியப்பா, நாளைக்குச் சேலம் போறேன், கடைக்குப் பாட்டு செட் எடுக்கணும், நீங்களும் வாங்க, உங்களுக்குத்தான் அதுல அனுபவம்" என்று கூப்பிட்டான். அந்த 'அனுபவம்' என்ற சொல்லில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரித்தறிய எனக்கு ஒரு மலை இறக்கமே தேவைப்பட்டது. எங்கள் ஏற்காட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. மேலே இருபதாவதில் ஆரம்பித்த யோசனை அடிவாரத்துக்குப் பக்கத்தில் முதலாவதில் வந்து முடிந்தது. பாதிக்குப் பாதி.

கடை என் அப்பாவுடையது. அந்தக் காலத்தில் அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'காபிக்கொட்டைக்காரர் கடை' என்று கேட்டால் ஒண்டிக்கடை முக்கிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் யாரும் கை காட்டுவார்கள். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மிளகு, கண்ணெதிரே அரைத்துத் தரும் காபிப் பொடி என்று மூட்டையும் டின்னுமாக அடைந்து கிடக்கும். ஒருக்களித்து நடந்தால் ஒரு ஆள் உள்ளே போய் வரலாம். அதே நாற்பதடி நீளம், பதினெட்டடி அகலத்தில்தான் இன்றைக்குக் கண்ணாடிக் கதவும் மஞ்சள் விளக்கும் மரப்பலகை அடுக்குகளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. மிளகு பாட்டிலின் கழுத்தில் சணல் கயிறு கட்டி வைத்திருக்கிறான். நாங்கள் சாக்காகத் தூக்கிச் சுமந்த சணலை இவர்கள் சின்ன முடிச்சாகப் போட்டு அதற்கும் சேர்த்து விலை வைக்கிறார்கள். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை.

அந்தக் கடைக்குள் பாட்டு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்து வந்ததில்லை அது. அப்பா ஒரு பழைய வால்வு ரேடியோவை, மலையை விட்டுப் போன ஒரு எஸ்டேட் கணக்குப்பிள்ளையிடமிருந்து, அவர் வைத்திருந்த மளிகைப் பாக்கிக்கு ஈடாக எடுத்துக்கொண்டார். கடன் வராமல் வந்த சாமான் என்பதால் வீட்டில் அதற்கு முதலில் மரியாதையே இல்லை. மரப்பெட்டி, முகத்தில் துணி, நெற்றியில் ஒரு பச்சைக் கண். குமிழைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே வால்வுகள் சூடேற ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் அப்பா கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிடுவார். பச்சைக் கண் மெல்லச் சுருங்கி, ஸ்டேஷன் கிடைத்ததும் கூர்மையாகும்போது, ஊதுபத்திப் புகைக்கும் வறுத்த கொட்டையின் வாசனைக்கும் நடுவிலிருந்து ஒரு குரல் கடலைத் தாண்டி வரும். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது எந்தக் குரல் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இலங்கை வானொலிக்கு நம்மூரில் அப்படி ஒரு பீடம் அமைந்ததற்கு ஒரு மத்திய மந்திரிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. ஆகாசவாணியிலிருந்து அதை ஒதுக்கினார். நல்ல சங்கீதத்தை ஜனங்களுக்குப் பழக்க நினைத்தார், ஜனங்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பப் பழகிக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்து சமாதானம் பேசியபோது நேரம் கடந்திருந்தது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்ற அதன் அறிவிப்பாளர்களைப் பற்றி எங்கள் கடைக்கு வந்து போனவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரி பேசினார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஆரம்பித்தால் கடை திறந்தாச்சு என்று அர்த்தம். எங்கள் மலை கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த உயரத்தில் இருப்பதால் இலங்கை நமக்குத்தான் தெளிவாகக் கேட்கிறது, பாவம் கீழே சேலத்துக்காரர்கள் கரகரப்பில் கிடக்கிறார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டது உண்டு. சேலத்தில் அதைவிட நன்றாகக் கேட்டது என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்த காலம் அது. தபால் ஆபீசில் வருஷாவருஷம் பணம் கட்டி ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். வீட்டில் வைத்துக் கேட்டால் ஒரு கட்டணம், கடையில் நாலு பேர் கேட்க வைத்தால் அதைவிடக் கூடுதல். அப்பா வீட்டுக் கட்டணம்தான் கட்டினார். யாராவது அதிகாரி தோரணையில் கடைப்பக்கம் நடந்து வந்தால், ரேடியோவின் மேல் காலிச் சாக்கு ஒன்று விழும். சாக்குக்குள்ளிருந்து யாரோ உருக்கமாகப் பாடிக்கொண்டிருப்பார்கள். 1980களில் அந்த லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சாக்கு அப்பாவின் கைக்குப் பழகிப்போயிருந்தது. பனிமூட்டத்துக்கு நல்லது என்று சொல்லி ராத்திரியில் தொடர்ந்து போர்த்தி வைத்தார்.

இதில் நான் சொல்ல வந்த விஷயம் காபி மிஷின். ரேடியோவும் மிஷினும் ஒரே லைனில் ஓடின. மிஷினைப் போட்டால் மோட்டாரின் கரகரப்பு ரேடியோவுக்குள் புகுந்து, கொழும்பிலிருந்து வருகிற சுசீலாவின் குரல் ஏதோ சல்லடையில் சலித்தது மாதிரி விழும். ஆகவே அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார்: நல்ல பாட்டு ஓடும்போது மிஷின் ஓடாது. எது நல்ல பாட்டு என்பதை அவர்தான் முடிவு செய்வார். அரைக் கிலோ பொடிக்கு வந்தவர் கொட்டையை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பாட்டு முடியும்வரை மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து இன்னொருவர் உட்காருவார். முதல் பாட்டு முடிந்து அப்பா சுவிட்சுக்குக் கை கொண்டுபோகும்போது அடுத்த பாட்டும் நன்றாக அமைந்துவிட்டால் தொலைந்தது. நாகலூரிலிருந்து நடந்து வந்தவர்கள், மஞ்சக்குட்டைக்குத் திரும்ப வேண்டியவர்கள் எல்லாரும் மிளகு விலை, மழை, யார் பெண்ணுக்கு எந்த ஊரில் சம்பந்தம் என்று பேசித் தீர்த்து, பேச்சின் நடுவே சரணம் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, கேட்டுவிட்டு மறுபடியும் தொடருவார்கள். காபிப் பொடிக்கு இருபது நிமிடம் காத்திருப்பது என்பது இன்றைக்கு ஒரு புகார். அன்றைக்கு அது ஒரு வேலை, அதற்கென்று குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள்.

இந்த அழகான ஏற்பாட்டைக் கெடுத்தவன் யார் என்று கேட்டால், நான்தான்.

சேலத்தில் கல்லூரி முடித்து, வேலைக்கு மனுப் போட்டபடி மலை ஏறிக் கடையில் வந்து உட்கார்ந்தேன். 1980களின் நடுப்பகுதி. எனக்கு அப்போது ஸ்டீரியோ பைத்தியம் பிடித்திருந்தது. பைத்தியத்துக்குக் காரணம் 1976இல் 'அன்னக்கிளி'யில் வந்தவர்; அவர் வயலினை எந்தப் பக்கம் வைக்கிறார், புல்லாங்குழல் எந்தப் பக்கத்திலிருந்து எழுகிறது என்பதையெல்லாம் பிரித்துக் கேட்காதவன் மனுஷனே இல்லை என்று எங்கள் ஹாஸ்டல் அறையில் தீர்மானம் போட்டிருந்தோம். சேலத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு 'அசெம்பிள் செட்' செய்துகொண்டேன். கம்பெனி செட் வாங்கக் காசில்லை என்பதை 'கம்பெனி செட்ல பேஸ் பத்தாது' என்று மாற்றிச் சொல்லிக்கொள்வது அந்தக் கால வழக்கம். முகப்பில் பாட்டுக்கேற்பச் சிவப்பும் பச்சையுமாக ஏறி இறங்கும் விளக்குகள். ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அவற்றை ஏற்காடு பஸ்ஸின் கூரையில் ஏற்றி, இருபது வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிற்பாடு கல்யாணமாகி மனைவியை அழைத்து வந்தபோதுகூட அவ்வளவு கவலைப்பட்டதாக ஞாபகமில்லை.

கேசட்டு ஒரு தனிக் கதை. ரெக்கார்டிங் சென்டரில் ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாகப் பாட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். ஆறாவது பாட்டு முடிவதற்குள் அறுபடும் என்று கடைக்காரர் எச்சரிப்பார், பரவாயில்லை போடுங்கள் என்போம். டி.டி.கே. கேசட்டா சாதாரணமா என்று கேட்கும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம். ஒரு வாரம் கழித்துப் போய் வாங்க வேண்டும். அந்த ஒரு வாரமும் அந்தப் பன்னிரண்டு பாட்டும் மனசுக்குள் எழுதிக் கொடுத்த வரிசையிலேயே ஓடும். கைக்கு வந்த பிறகு அவ்வளவு நன்றாக அவை என்றைக்கும் ஓடியதில்லை. (கேசட்டில் பென்சிலைச் சொருகிச் சுற்றிய கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். எங்கள் மலையில் அதைவிடப் பெரிய எதிரி பூஞ்சணம். ஐப்பசி மழையில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து, இளையராஜாவே ஜலதோஷம் பிடித்துப் பாடுவது போல இருக்கும்.)

செட்டைக் கடையில் வைத்த விதத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பெட்டி அரிசி மூட்டைகளுக்கு மேலே, இன்னொன்று எதிர்ச்சுவரில் மண்ணெண்ணெய் பீப்பாய்க்குப் பக்கத்தில். கல்லா நாற்காலி இரண்டுக்கும் சரியாக நடுவில். உலகத்திலேயே சிறந்த ஸ்டீரியோ அந்த நாற்காலியில் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். அரிசிப் பக்கம் நின்றவருக்கு வயலின் மட்டும் வரும், பாடகர் எங்கோ அக்கரையில் முனகுவார். மண்ணெண்ணெய் வாங்க நின்ற அம்மாளுக்குத் தபேலா மட்டும். அவர் ஒரு தடவை, "தம்பி, இந்தப் பக்கம் ஆணி அடிக்கிற சத்தமாவே வருதே, பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார். நான் அவருக்கு ஸ்டீரியோவை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மறுவாரத்திலிருந்து வேறு கடைக்குப் போனார்.

மே மாத சீசனில் கோடை விழாவுக்கு வந்த கூட்டத்தைக் கவர்ந்துவிட வேண்டும் என்று வாசலில் மைக் செட் குழாய் ஒன்றையும் கூடுதலாக மாட்டினேன். ஏரியில் படகு ஓட்டுகிறவர்களுக்குக்கூடக் கேட்கும் என்று பெருமைப்பட்டேன், கேட்டது. கடைக்குள் வந்தவர்தான் கால் கிலோ என்று சொன்னது எனக்கு முக்கால் கிலோ என்று கேட்டது. மூன்றாம் நாள் ஆம்ப்ளிபயருக்கு மேல் பாரம் ஏற்றி, அரிசி மூட்டைப் பக்கத்து ஸ்பீக்கரின் காயிலைக் கருக்கினேன். காந்தல் வாசனையைக் காபிக் கொட்டை தீய்ந்துவிட்டது என்று நினைத்து அப்பா மிஷினை நிறுத்தினார். அன்றைக்கு ராத்திரி கணக்குப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மிளகுதான் விக்கல."

இந்த வாழ்க்கைச் சரித்திரம் எல்லாம் குடும்பத்தில் நூறு தடவை சொல்லிச் சிரித்தது. அதைத்தான் 'அனுபவம்' என்றான் என் தம்பி மகன்.

சேலத்துக்குள் நுழையும்போது ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் அந்த ஒற்றை வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930களில் ஆரம்பித்து நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்துதான் வந்தது. வாசல் மட்டும் மிஞ்சிய வீடு. அதைக் கடக்கும்போதெல்லாம் நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தலையைத் திருப்புவேன். தம்பி மகன் போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தான், எங்கள் ஊரிலிருந்து சேலத்துக்கு.

பாட்டு செட் கடையில் ஒரு பையன், முப்பது வயது இருக்கும், எங்களை உட்கார வைத்து டீ சொன்னான். எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று அவன் கேட்பான், நான் பதில் சொல்வேன் என்று தயாராக இருந்தேன். அவன் கேட்டது வேறு. "கடை நீளம் அகலம் சொல்லுங்க சார். கூரை எத்தனை அடி? வர்றவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?" கட்டடம் கட்டப் போகிறவன் மாதிரி கேட்டான். சொன்னோம். ஒரு தாளில் படம் போட்டான். "கூரையில பதிக்கிற ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் ஒரு குடை மாதிரி சார். கூரை பத்தடி, நிக்கிறவங்க காது அஞ்சடி. மிச்சம் அஞ்சடியில குடை விரியுது. தொண்ணூறு டிகிரி ஸ்பீக்கர்னா காது மட்டத்துல பத்தடி விட்டம். உங்க கடைக்கு நீளத்துல நாலு, அகலத்துல ரெண்டு. எட்டுக் குடை."

எட்டு எதற்கு, பெரியதாக இரண்டு போதாதா என்று கேட்டேன். என் மண்ணெண்ணெய் பீப்பாய் அவனுக்குத் தெரிய நியாயமில்லை, ஆனாலும் தெரிந்தவன் போலச் சிரித்தான். "ரெண்டு வச்சா பக்கத்துல நிக்கிறவர் காதைப் பொத்துவார், தூரத்துல இருக்கறவர் கூட்டச் சொல்வார் சார். சின்னச் சின்னதா நிறைய வச்சு எல்லாத்தையும் சன்னமா விடணும். பக்கத்துல பேசிக்கிறவங்க குரலை உயர்த்தக் கூடாது, அதான் அளவு."

அடுத்து வயர். நாற்பதடிக்கு எட்டு ஸ்பீக்கரை என் காலத்து வழக்கப்படி நேராகக் கோத்தால் ஓம்ஸ் கணக்கு குழம்பும், வயரிலேயே சக்தி போய்விடும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டது கருகிய காயிலிடம். அதற்கு 'நூறு வோல்ட் லைன்' என்று ஒன்று இருக்கிறதாம். "மேட்டூர்ல இருந்து கரண்டு ஏன் சார் ஹை டென்ஷன்ல வருது? வோல்டேஜை ஏத்திவிட்டா வயர்ல ஓடுற ஆம்பியர் குறையும், வழியில வீணாகாது. வீட்டுக்கிட்ட வந்து டிரான்ஸ்பார்மர்ல இறக்கிக்கறோம். இதுவும் அதேதான், ஒவ்வொரு ஸ்பீக்கர் முதுகுலயும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர்." முதுகைத் திருப்பிக் காட்டினான், மூன்று வாட்டுக்கு ஒரு முனை, ஆறு வாட்டுக்கு ஒரு முனை. ஆறு வாட் முனையில் கட்டினால் மொத்தம் எவ்வளவு என்று அவன் கால்குலேட்டரைத் தேடுவதற்குள், எட்டாறு நாற்பத்தெட்டு என்றேன். அறுபது வாட் ஆம்ப்ளிபயர் போதும், ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் சும்மா விட்டு வைக்கணும் என்றான். அறுபதில் ஐந்திலொன்று பன்னிரண்டு, போக மிச்சம் நாற்பத்தெட்டு. வாய்பாடு மாதிரி வந்து உட்கார்ந்தது. அந்த ஐந்திலொரு பங்கை 1980களில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மண்ணெண்ணெய் வாடிக்கையும் தப்பியிருக்கும்.

கடைசியில் என் ஆசையைக் கேட்டேன். "ஸ்டீரியோதானே?"

"இல்ல சார். மோனோ. கடைக்கெல்லாம் மோனோதான். எங்க நின்னாலும் முழுப் பாட்டும் கேக்கணுமில்ல?"

அப்பாவின் வால்வு ரேடியோ மோனோ. ஒரே ஒரு ஸ்பீக்கர், துணிக்குப் பின்னால். அதிலிருந்து நான் இரண்டுக்குப் போய், எட்டுக்குப் போய், நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரசீதும் வாங்கி, நாற்பது வருஷம் சுற்றி அவர் காலடியில் வந்து நின்றிருக்கிறேன். திரும்பும் வழியில் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். மலைப்பாதையில் அரை மணி நேரம் ஏறிய பிறகு கீழே பார்த்தால், புறப்பட்ட இடம் காலுக்குக் கீழே நேராகத் தெரியும் அல்லவா, அது மாதிரி.

அடுத்து, என்ன பாட்டு என்ற பஞ்சாயத்து. தம்பி மகன் ரொம்பப் படித்திருந்தான். அமெரிக்காவில் மில்லிமன் என்கிற பேராசிரியர் ஒருவர் 1982இலேயே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மெதுவான தாளமும் வேகமான தாளமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாராம். மெதுவாகப் போட்ட நாட்களில் ஜனங்கள் மெதுவாக நடந்து, வேகமாகப் போட்ட நாட்களைவிட விற்பனை 38.2 சதவீதம் கூடியதாம். 1982! அந்த ஆராய்ச்சி நடந்து சில வருஷம் கழித்துத்தான் நான் வாசலில் குழாய் கட்டி, ஜனங்களை ஏரிக்கரைக்கே விரட்டிக்கொண்டிருந்தேன். மில்லிமனைப் படிக்காமலேயே அப்பா, மிஷினை நிறுத்தி மூட்டைமேல் உட்கார வைத்தார். உட்கார்ந்தவர் எழுந்து போகும்போது காபிப் பொடியோடு ஏதாவது இன்னொன்றும் வாங்கிக்கொண்டுதான் போனார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஆராய்ச்சி என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. பாட்டு கேட்டேன் என்றுதான் சொன்னார்.

இன்னொரு கதையும் சொன்னான். டெலிபோன் கம்பி மாதிரி ஒரு கம்பியில் பாட்டை அனுப்பிக் கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் சந்தாவுக்கு விட்ட 'மியூசாக்' என்ற கம்பெனி 1930களில் அங்கே வந்தது. ஆரம்பித்தவர் ஸ்குவயர் என்ற ராணுவ ஜெனரல். மியூசிக்கையும் கோடாக்கையும் ஒட்டுப்போட்டுப் பெயர் வைத்தார். பிற்பாடு அவர்கள் கண்டுபிடித்த சூத்திரம், கால் மணி நேரம் பாட்டு, கால் மணி நேரம் மௌனம். தொடர்ந்து போட்டால் ஆட்கள் சலித்துவிடுவார்களாம். எங்களுக்கு இதில் புதுமை இல்லை. காற்றுக் காலத்தில் மரம் சாய்ந்து லைன் அறுந்துபோகும் மலையில், மௌனத்தை மின்வாரியமே கொடுத்துவிடும், அதுவும் கால் மணியில் நிறுத்தாது.

நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன், வெள்ளைத்தாளில், அந்தக் காலத்துப் பழக்கத்தில் பன்னிரண்டு. அவன் மரியாதையாக வாங்கிப் படித்துவிட்டு, "பெரியப்பா, இதுல எல்லாத்துலயும் குரல் இருக்கு" என்றான்.

"பாட்டுன்னா குரல் இருக்குமில்ல?"

"வார்த்தை இருந்தா கவனம் அங்க போயிரும். நின்னு கேப்பாங்க. வாங்க மாட்டாங்க. வெறும் கிட்டார், பியானோ, இந்த மாதிரி போட்டா இருக்கிறதே தெரியாது. அதான் வேணும்."

உரிமைப் பிரச்சினையும் இருக்கிறது. வீட்டில் கேட்கச் சந்தா கட்டியிருக்கும் பாட்டைக் கடையில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டக் கூடாது. கடையில் போட அதற்கென்று இருக்கிற உரிமை அமைப்புகளிடம் தனியாகப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். எனக்குச் சட்டென்று தபால் ஆபீஸ் வாசனை வந்தது. வீட்டுக்கு ஒரு கட்டணம், கடைக்கு அதைவிடக் கூடுதல். லைசென்ஸ் போய்விட்டது என்று நினைத்திருந்தேன், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நியாயம்தான், பாட்டுக் கட்டியவருக்கும் வயிறு இருக்கிறது. தம்பி மகன் நேர்மையாகக் கட்டிவிட்டான். எட்டு ஸ்பீக்கருக்கும் சாக்குப் போர்த்துவது நடக்கிற காரியமா?

செட் மாட்டிய முதல் வாரம் அவன் தன் போனையே புளூடூத்தில் இணைத்துப் பாட்டுப் போட்டான். தனியாக ஒரு பிளேயர் வைத்துக்கொள் என்று சேலத்துப் பையன் சொன்னதைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர்க்காரர்கள் நிறைய, மெல்லிய பியானோ, ஒரு அம்மாள் காபி டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டென்று பியானோ நின்று, எட்டுக் குடையிலிருந்தும் ஒரே சீராக, எங்கே நின்றாலும் முழுசாகக் கேட்கும்படி, அவன் மாமியாரின் குரல் இறங்கியது: "என்னங்க மாப்ள, போன தடவை குடுத்தனுப்புன மிளகு பூராவும் பதர்!" அந்த நாற்பதாயிரத்தில் ஒரு ரூபாய்கூட வீணில்லை என்று எனக்கு நிச்சயமானது அப்போதுதான். அத்தனை தெளிவு. மறுநாளே தனி பிளேயர் வந்துவிட்டது.

இப்போது கடை நன்றாக நடக்கிறது. காபி மிஷின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. பூனை உறுமுகிற மாதிரிதான் சத்தம் வரும். பாட்டோடு அதற்குச் சண்டையே இல்லை. பொடி ஒரு நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். காத்திருக்க வேண்டியதில்லை, ஆகவே உட்கார மூட்டையும் இல்லை. ஜனங்கள் மெதுவாக நடக்கிறார்கள், பாட்டிலை எடுத்துச் சணல் முடிச்சைத் தடவிப் பார்க்கிறார்கள், ஒருவருக்கொருவர் பேசாமல் வாங்குகிறார்கள். மேலே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியே வந்தவரிடம் என்ன பாட்டு ஓடியது என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "பாட்டா, எங்க?" என்றார். தம்பி மகனிடம் சொன்னபோது அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு ஆயா, துணிப்பையில் மிளகு கொண்டு வந்தது. அப்பா காலத்தில் மாமியாரோடு வந்து மூட்டைமேல் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட மருமகள்; இப்போது அதற்கே கொள்ளுப்பேரன். பையைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக் காதைச் சாய்த்தது.

"ஏஞ்சாமி, ரேடியோ ரிப்பேருங்களா? உள்ளுக்குள்ளயே முனகுது."

"இல்ல ஆயா, அது அப்படித்தான். கேக்கறதுக்கு இல்ல. சும்மா ஓடும்."

"கேக்கறதுக்கு இல்லைன்னா எதுக்குச் சாமி கரண்டு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மிளகைக் கையில் அள்ளிப் பதர் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். அவன் போனை எடுத்து விரலால் இரண்டு தள்ளுத் தள்ளினான்; கிட்டார் சற்றே உயர்ந்தது. ஆயா கொஞ்ச நேரம் கேட்டது. முகம் மலர்ந்து, பழைய பழக்கத்தில் உட்கார இடம் தேடியது. நான் என் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தேன். உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கேட்டது:

"ஆளு எப்பப் பாடுவாங்க?"

"வருவாங்க ஆயா" என்றேன். தராசுக்குக் கை நீட்டிய தம்பி மகனை, பொறு என்று ஜாடை காட்டினேன்.